எந்த மருந்து என்று நான் கேட்கவில்லை

என்னிடம் மயக்கவியல் படித்த பெண் ஒருத்தி சென்ற மாதம் போன் செய்தாள். இப்போது தஞ்சாவூரில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். "மேடம், புது ரிவர்சல் ஊசி எங்க தியேட்டருக்கே வந்துருச்சு. போட்டு ரெண்டு நிமிஷத்துல பேஷண்ட் தலையைத் தூக்குறாங்க. மிஷின்ல கட்டைவிரல் எவ்வளவு துள்ளுதுன்னு நம்பரே வருது. இதெல்லாம் இல்லாம நீங்க எப்படி மேடம் சமாளிச்சீங்க? எங்க டிபார்ட்மென்ட் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க" என்றாள்.

முதலில் மறுத்தேன். ஓய்வு பெற்றவர்கள் எழுதும் கட்டுரைகள் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஒவ்வொருவரும் தங்கள் காலத்தில் தவறே நடக்காதது போலவும், எல்லா நோயாளியும் கைகூப்பிக்கொண்டே வீட்டுக்குப் போனது போலவும் எழுதுவார்கள். அவள் விடவில்லை. "அப்ப சமாளிக்காத ஒரு கேஸை எழுதுறேன், போடுவியா?" என்று கேட்டேன். "எழுதுங்க மேடம்" என்றாள். ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் தொழில் தெரியாதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் முதலில் ஒரு விளக்கம். மயக்க மருந்து என்பது ஒரே மருந்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நாங்கள் மூன்று வேலை செய்கிறோம். தூங்க வைக்கிறோம், வலி தெரியாமல் செய்கிறோம், தசைகளைத் தளர்த்துகிறோம். மூன்றுக்கும் வெவ்வேறு மருந்து. இதில் தசைத் தளர்த்தி இருக்கிறதே, அது தூக்கத்தையும் தராது, வலியையும் குறைக்காது. அது மட்டும் உள்ளே போனால் ஆள் முழு நினைவோடு இருப்பார். இமையைக்கூட அசைக்க முடியாது. மூச்சு விடும் தசைகளும் படுத்துவிடும். ஆகவே அவருக்கான மூச்சை நாங்கள்தான் பையை அழுத்தி விட வேண்டும்.

இது எப்படி நடக்கிறது என்பதை மாணவர்களுக்கு நான் டவுன் பஸ்ஸை வைத்துத்தான் சொல்வேன். நரம்பின் நுனியும் தசையும் ஒட்டிக்கொண்டு இல்லை. நடுவில் நூலிழையைவிடச் சிறிய இடைவெளி. கையைத் தூக்கு என்று மூளை சொன்னால், நரம்பு நுனியிலிருந்து அசிடைல்கோலின் என்ற ரசாயனம் இறங்கி, இடைவெளியைத் தாண்டி, தசையில் தனக்கென்று இருக்கும் சீட்டில் போய் உட்காரும். உட்கார்ந்தால் தசை சுருங்கும். உடனே ஒரு நொதி வந்து அதை உடைத்துச் சீட்டைக் காலி செய்துவிடும். தளர்த்திகளில் ஒரு ரகம், ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது மாதிரி. தானும் சுருக்காது, வருகிறவரையும் உட்கார விடாது. துண்டை நகர்த்த நாங்கள் ரிவர்சல் என்று ஓர் ஊசி போடுவோம். அது அந்த நொதியைத் தடுத்து, அசிடைல்கோலின் கூட்டத்தைப் பெருக்கும். கூட்டம் நெருக்கித் தள்ளிச் சீட்டைப் பிடித்துக்கொள்ளும். இப்போது வந்திருக்கும் புது ஊசி துண்டையே சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

ஸ்கோலின் இன்னொரு ரகம். அது அசிடைல்கோலின் ஜாடையிலேயே இருக்கும், அதன் சீட்டில் தானே உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்ததும் உடம்பு முழுவதும் தசைகள் படபடவென்று துடிக்கும், அப்புறம் துவண்டுவிடும். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ கழித்து, இரத்தத்தில் இருக்கும் வேறொரு நொதி கண்டக்டர் மாதிரி வந்து அதை இறக்கிவிடும். நாங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கண்டக்டர் வேலைக்கு வந்திருக்கிறாரா என்பது மட்டும் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவள். அப்பா விவசாயக் கூலி. நாற்றுக்கட்டு சுமந்தும், வரப்பில் அண்டை வெட்டியும், மருந்தடித்தும் என்னைப் படிக்க வைத்தார். எம்.பி.பி.எஸ்., பிறகு மயக்கவியல். அந்த ஆண்டுகளை விவரித்து யாருக்கும் பயனில்லை. தூக்கம் இல்லாததும் கேன்டீன் புளிசாதமும்தான் பெரும்பகுதி. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். விடுதியில் என் பேச்சைக் கேட்டு இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரே வருடத்தில் என் பேச்சை மாற்றிக்கொண்டேன். எங்கே யாரிடம் பேசினாலும் வானொலியில் செய்தி வாசிப்பது போல வரும். அதில் எனக்குப் பெருமை வேறு.

முதல் வேலை டெல்டாவில் ஓர் அரசு மருத்துவமனை. எது என்று சொல்லப்போவதில்லை, யாரும் தேட வேண்டாம். அங்கே மயக்கவியல் தலைவரை எல்லோரும் சீஃப் என்போம். குடமுருட்டிக் கரையில் பெரிய மிராசுக் குடும்பம் அவருடையது. ஆனால் குறுவைக்கும் சம்பாவுக்கும் வித்தியாசம் தெரியாது. நிலத்தையெல்லாம் தாத்தாவும் குத்தகைதாரர்களும் பார்த்துக்கொண்டதால் தமக்கு நெல் என்பது சோறாக மட்டுமே அறிமுகம் என்று அவரே சொல்வார்.

தியேட்டரில் மட்டும் அவரை ஏமாற்ற முடியாது. காலையில் முதல் நோயாளி வருமுன் மூச்சுப் பையை உள்ளங்கையால் அடைத்து இரண்டு முறை அழுத்திப் பார்ப்பார். சக்‌ஷன் குழாயைத் தன் கட்டைவிரலில் வைத்து இழுக்கிறதா என்று பார்ப்பார். குழாய் செருகும் கருவியின் பல்பைத் திருகி, எரியவிட்டு, அணைப்பார். சிரிஞ்சுகளில் ஒட்டும் பிளாஸ்திரியில் மருந்தின் பெயரைத் தானே எழுதுவார். அடுத்தவர் எழுதியதை நம்ப மாட்டார். ஸ்கோலின் குளிரில் இருந்தால்தான் வீரியம் குறையாது. கரண்ட் போய்விட்டால் தியேட்டர் உதவியாளர் பக்கிரி அண்ணன் பிளாஸ்க்கோடு மீன் மார்க்கெட்டுக்கு ஓடி ஐஸ் வாங்கி வருவார். பிளாஸ்க்கில் மீன் வாடை வருகிறது என்று நான் ஒருமுறை முகம் சுளித்தேன். "மருந்து ஊசிக்குள்ள இருக்கு, மீன் வெளியில இருக்கு. ரெண்டும் பாத்துக்காது" என்றார் சீஃப்.

எல்லோரையும் நீங்க, வாங்க என்றுதான் அழைப்பார். தோட்டி, நோயாளி, நோயாளியின் மூன்று வயதுப் பிள்ளை, யாராக இருந்தாலும் சரி. கோபம் வந்தால் கத்த மாட்டார். கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் வைப்பார். அதைப் பார்த்தால் நாங்கள் மூலைக்கு ஒருவராக நழுவிவிடுவோம். இன்னொரு பழக்கமும் உண்டு. மயக்கத்தில் கிடப்பவரிடம் பேசுவார். "இப்ப உங்களைத் திருப்பிப் படுக்க வைக்கிறோம்", "வேலை பாதி முடிஞ்சுது" என்று காதருகே குனிந்து சொல்வார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். சீஃப் பிணத்திடமும் நலம் விசாரிப்பார் என்று கேலி பேசியவர்களில் நானும் ஒருத்தி.

அந்த மார்கழியில் ஒரு காலை, பதினொரு மணி இருக்கும். முருகையன் என்பவரைக் கூட்டி வந்தார்கள். முப்பத்தைந்து வயது, விவசாயக் கூலி. வரப்பில் வழுக்கி வாய்க்காலில் விழுந்ததில் வலது தோள் மூட்டு கழன்று கை தொங்கிக்கொண்டிருந்தது. எலும்பு டாக்டர் அப்படியே இழுத்து வைக்கப் பார்த்தார். முடியவில்லை. அண்டை வெட்டி முறுக்கேறிய தோள். வலியில் தசை இன்னும் இறுகிக்கொண்டது. "அஞ்சு நிமிஷம் லூஸ் பண்ணிக் குடுங்க, போட்டுர்றேன்" என்றார். முருகையன் காலையில்தான் பழைய சோறு சாப்பிட்டிருந்தார். வயிறு நிறைந்திருந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போகும் ஆபத்து உண்டு. ஆகவே சட்டென்று தூங்க வைத்து, ஸ்கோலின் போட்டு, உடனே மூச்சுக்குழாயில் குழாய் செருகிவிட வேண்டும். பாடப் புத்தகத்தில் உள்ளபடியே எளிய கேஸ்.

போடுமுன் விவரம் கேட்க வேண்டும். முருகையன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததால் அவர் மனைவி தையல்நாயகியிடம் கேட்டேன். சர்க்கரை உண்டா, இழுப்பு உண்டா, இதற்குமுன் ஆபரேஷன் நடந்திருக்கிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். கடைசியாக, "அவர் மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா?" என்று கேட்டேன்.

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஐயையோ, இல்லீங்கம்மா! அவரு ஏங்க மருந்து சாப்புடப் போறாரு? எங்களுக்குள்ள சண்ட சச்சரவு ஒண்ணும் கெடயாதுங்க. புள்ளைங்க மேல சத்தியமா இல்லீங்க" என்றார்.

மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டதற்கு ஏன் சத்தியம் செய்ய வேண்டும் என்று ஒரு விநாடி தோன்றியது. அந்த விநாடியை அப்படியே விட்டுவிட்டு, மருந்துப் பழக்கம் இல்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தூக்க மருந்து, உடனே ஸ்கோலின் இரண்டு மில்லி. வாந்தி மேலே வராமலிருக்க பக்கிரி அண்ணன் அவர் தொண்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். முருகையனின் புருவத்தில் ஆரம்பித்து கன்னம், மார்பு, தொடை என்று தசைகள் துடித்து அடங்கின. குழாய் போட்டேன். எலும்பு டாக்டர் கையை இழுத்துத் திருப்பினார். களக்கென்று மூட்டு உள்ளே போனது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விட்டார். நான் மயக்க வாயுவை நிறுத்திவிட்டு, ஆக்சிஜனை மட்டும் விட்டு, பையை அழுத்தியபடி அவருடைய சொந்த மூச்சுக்காகக் காத்திருந்தேன்.

ஐந்து நிமிடம், வரவில்லை. பத்து நிமிடம் ஆகியும் வரவில்லை. கையைத் தூக்கிவிட்டால் துணி மாதிரி விழுந்தது. நாடி நூற்றுமுப்பதுக்கு ஏறியது. இரத்த அழுத்தமும் ஏறியது. நெற்றியில் வேர்வை. இடது கண்ணோரத்தில் ஒரு துளி நீர் வழிந்து காதுக்குள் போனது. இமை சரியாக மூடாததால் கண் கசிகிறது என்று நினைத்து, பஞ்சால் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டினேன். இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இருபதாவது நிமிடம் சீஃபைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, அவர் வருவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்ற பதற்றத்தில் ரிவர்சல் ஊசியை சிரிஞ்சில் ஏற்றினேன். ஊசி முனை டிரிப் குழாய்க்குப் போகும் நேரத்தில் என் கைமேல் இன்னொரு கை மூடியது. சீஃப் வந்துவிட்டார். சிரிஞ்சை மெல்ல வாங்கித் தட்டில் வைத்தார்.

"தூக்க மருந்து எப்ப நிறுத்தினீங்க?"

"மூட்டு உள்ளே போனதும், சார்."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"இருபது நிமிடம்."

கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். நான் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை எடுத்து இமையைத் திறந்து பார்த்தார். மறுபடியும் நீர் வழிந்தது. உடனே முருகையனின் காதருகே குனிந்தார். "முருகையன், நான் பெரிய டாக்டர் பேசறேன். நான் பேசறது உங்களுக்குக் கேக்கும்னு எனக்குத் தெரியும். உங்களால அசைய முடியலை, மூச்சு விட முடியலை. பயப்படாதீங்க. நாங்க குடுத்த மருந்து உடம்பைக் கட்டிப் போட்டிருக்கு, அது தானா அவிழும். அதுவரைக்கும் உங்க மூச்சை நாங்க விடறோம். கை மூட்டு சரியாயிடுச்சு. இப்ப உங்களைத் தூங்க வைக்கப் போறேன்" என்றார். பேசிக்கொண்டே கையை நீட்டினார். தூக்க மருந்தை எடுத்துக் கொடுத்தேன். ஊசி போட்டு, வாயுவையும் திறந்துவிட்டார். நாடி மெல்ல இறங்கியது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனிதர் விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். நான் அவருடைய கண்ணீரைத் துடைத்துக் கண்ணை ஒட்டியிருக்கிறேன்.

சீஃப் அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். நரம்பில் மின்தூண்டல் கொடுக்கும் கருவி. முதலில் தன் மணிக்கட்டில் வைத்து அழுத்தினார். அவர் கட்டைவிரல் துள்ளியது. பெட்டி வேலை செய்கிறது. பிறகு முருகையனின் மணிக்கட்டில் வைத்தார். விரல் அசையவே இல்லை. "கண்டக்டர் வரலை" என்றார். அந்தப் பஸ் கதை அவருடையதுதான், நான் பின்னால் திருடிக்கொண்டேன். "பிறவியிலேயே இந்த நொதி குறைவா இருக்கலாம். ஈரல் கெட்டிருக்கலாம். இல்லேன்னா விஷம். கேட்டீங்களா?"

"கேட்டேன் சார். மருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று சத்தியம் செய்கிறார்கள்."

"வாடை ஏதாவது?"

குனிந்து முகர்ந்தேன். சோப்பு வாசனைதான். தலை, கழுத்து, கை எல்லாம் அப்போதுதான் குளித்த வாசனை. தோள் கழன்ற மனிதர் எப்படிக் குளித்தார் என்று அந்த நிமிடத்தில்தான் எனக்குக் கேள்வி வந்தது. போர்வையை விலக்கினேன். இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு, இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. அதை விரலால் தூக்கி முகர்ந்தேன்.

பூச்சி மருந்து வாடை. எனக்கு அது பாடப் புத்தகத்தில் படித்த வாடை இல்லை. என் அப்பாவின் இடுப்புக் கயிற்றில் இருந்த அதே வாடை. எத்தனை சோப்பு போட்டாலும் கயிற்றில் ஊறியது போகாது; அந்தக் கயிற்றை மாற்றிவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும் என்று அம்மா அவரிடம் தினம் சண்டை போடுவாள்.

வெளியே ஓடினேன். தையல்நாயகி சுவரோரம் குந்தியிருந்தார். நானும் எதிரில் குந்தினேன். எத்தனையோ வருடமாகப் பேசாத பேச்சு தானாக வாயில் வந்தது.

"ஏக்கா, அண்ணன் மருந்தடிக்கப் போவாரா?"

அந்த அம்மா என்னையே பார்த்தார். "மருந்தடிக்கவா? ஆமாம் தங்கச்சி, இந்தப் பத்து நாளா நித்தமும் அதான் வேல. சம்பாவுல புகையான் பூச்சி உழுந்துடுச்சுல்ல. காலையில டேங்க முதுவுல மாட்டிக்கிட்டுப் போறப்பதான் வழுக்கி உட்டுடுச்சு. டேங்கும் ஒழுவுற டேங்கு, முதுவெல்லாம் மருந்து."

"அப்ப நான் கேட்டப்ப ஏங்க்கா இல்லேன்னீங்க?"

"நீங்க அடிக்கிறத எங்கம்மா கேட்டீங்க? சாப்புட்டாரான்னுல்ல கேட்டீங்க? போன வருசம் எங்க தெரு ஆளு ஒருத்தரு வவுத்து வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனாரு. மேலெல்லாம் மருந்து வாட. குடிச்சுட்டான்னு சொல்லி மூக்குல டியூப்ப உட்டு, போலீசுக்கும் எழுதிப்புட்டாங்க. ஊரே சிரிச்சுச்சு. அதான் இவர கொழாயடியில நிக்க வச்சு, சோப்பு போட்டுத் தேச்சுக் கூட்டியாந்தேன். கை வலியில கத்துனாரு. பொறுத்துக்க, வாட போவட்டும்னு தேச்சேன்" என்றவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டனா? அவரு பொழச்சுக்குவாருல்ல?"

தப்பாகச் சொன்னது அவர் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் மாத்திரை என்றால் மாத்திரை. மருந்து என்றால் வயலுக்கு அடிப்பது. மருந்து சாப்பிட்டான், மருந்து குடித்தான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு எந்தப் படிப்பும் தேவையில்லை, பிறந்ததிலிருந்தே தெரியும். மருந்து குடித்தவர்களுக்குக் குழாய் போட்டு நாள்கணக்கில் வார்டில் பார்த்துக்கொண்டதும் நான்தான். அந்த விஷம் நொதியை அடித்துப் போடும் என்று பரீட்சையில் எழுதிப் பாஸ் செய்ததும் நான்தான். குடித்தால்தான் போகும் என்று இல்லை. ஒழுகும் டேங்கிலிருந்து முதுகு வழியாகத் தினம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினாலும் கண்டக்டர் காணாமல் போய்விடுவார். ஆள் வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருப்பார், ஸ்கோலின் போடும்வரை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் போடப்போன ரிவர்சல் ஊசியும் அந்த நொதிகளைத்தான் தடுக்கும். வயல் மருந்து செய்த அதே வேலையை நானும் என் பங்குக்குச் செய்திருப்பேன். இன்னும் பல மணி நேரம் நீண்டிருக்கும். சீஃபின் கை வந்து மூடியதால் அது நடக்கவில்லை.

அதன்பின் செய்ய வேண்டியது ஒன்றுதான். அவரைத் தூக்கத்திலேயே வைத்துக்கொண்டு, மருந்து தானாக விலகும்வரை மூச்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அன்று இயந்திரம் எதுவும் காலி இல்லை. கையால்தான் பையை அழுத்தினோம். நான், சீஃப், பக்கிரி அண்ணன், மூவரும் மாற்றி மாற்றி. அழுத்து, விடு, அழுத்து, விடு. மணிக்கட்டு வீங்கிவிட்டது. சீஃப் அரைமணிக்கு ஒரு தடவை முருகையனின் காதருகே போய், "மணி ஒண்ணரை ஆச்சு. வெளியில உங்க வீட்டம்மா இருக்காங்க, சாப்பிட்டாங்க" என்று சொல்லிவிட்டு வருவார். எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. தையல்நாயகி சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும், சீஃபுக்கும் தெரிந்திருக்கும்.

இடையில் அவர் கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கினார். மருந்துப் பழக்கம் இல்லை என்று நான் எழுதியிருந்த வரியை அடிக்கவில்லை. பக்கத்தில் 'எந்த மருந்து?' என்று இரண்டு வார்த்தை எழுதி என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

நான்கு மணிக்கு மேல் பெட்டியை மணிக்கட்டில் வைத்தபோது கட்டைவிரல் லேசாக அசைந்தது. கண் பிரமையோ என்று மறுபடி அழுத்தினேன். அசைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. ஐந்து மணிக்கு முருகையன் தானாக மூச்சு இழுத்தார். தலையைத் தூக்கச் சொன்னதும் தூக்கினார். குழாயை எடுத்தோம். சீஃப் ஆறிப்போயிருந்த காபியைக் குடித்துவிட்டு, போகும்போது ஒன்று சொன்னார்: "நாளைக்கு வார்டுல போய் அவரைப் பாருங்க. அந்த இருபது நிமிஷத்துல என்னென்ன கேட்டுச்சுன்னு கேளுங்க. சொல்றதை முழுசாக் கேட்டுட்டு வாங்க."

அதன்பின் எங்கள் துறையின் கேள்விப் பட்டியலில், வயலுக்கு மருந்து அடிப்பாரா, மருந்து அடித்த வயலில் களை எடுத்தாரா என்ற இரண்டு கேள்விகள் சேர்ந்தன. நான் வேலை பார்த்த இடத்திலெல்லாம் அவற்றைக் கொண்டுபோனேன். அதற்காக என்னை மேடையில் பாராட்டியும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விகள் எப்படி வந்தன என்று நான் சொன்னபோதெல்லாம் முருகையன் பிழைத்ததோடு கதையை நிறுத்திவிடுவேன். மறுநாள் வார்டில் நடந்ததைச் சொன்னதில்லை. அதையும் எழுதாவிட்டால் நான் முதலில் திட்டிய கட்டுரைகளுக்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

மறுநாள் காலை போனேன். முருகையன் கையைத் தூளி கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தையல்நாயகி இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். "இந்தத் தங்கச்சிதான்யா நேத்து வெளியில வந்து எங்கிட்ட வெவரம் கேட்டுச்சு. நம்ம பக்கத்துப் புள்ள" என்று என்னை அறிமுகப்படுத்தினார். முருகையன் எழுந்திருக்கப் பார்த்தார். உட்காரச் சொல்லி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நேத்து உள்ள உங்களுக்கு ஏதாச்சும் கேட்டுச்சாண்ணே?"

"எல்லாம் கேட்டுச்சு தங்கச்சி. கண்ணத் தொறக்க முடியல. கத்துறேன், சத்தம் வரல. மாருல பாறாங்கல்ல வச்ச மாரி. சரி, செத்துட்டோம், செத்தா இப்புடித்தான் இருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டேன். புள்ளைவொ மொகம் வந்துச்சு. அப்பத்தான் ஒரு பொம்பளக் கொரலு கேட்டுச்சு. யாருகிட்டயோ சொல்லுது. 'இந்த ஜனங்களே இப்படித்தான். எதைக் கேட்டாலும் பொய்தான் சொல்வார்கள். இவன் எதையோ குடித்துவிட்டு வந்து படுத்திருக்கிறான், நம் உயிரை வாங்குகிறான்' அப்டின்னு. அதக் கேட்டதுந்தான் தங்கச்சி எனக்குத் தெம்பு வந்துச்சு. செத்தவன யாரு திட்டுவா? உசுரு இருக்கப்போயிதான திட்டுறாங்கன்னு புடிச்சுக்கிட்டு கெடந்தேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மனைவியும் சிரித்தார். "அது யாரோ டவுன் பொம்பள. ரேடியோல பேசுற மாரி பேசுச்சு. அதுகளுக்கு நம்மளப் பத்தி என்னா தெரியும், உடுங்க" என்றார் முருகையன்.

தியேட்டரில் பக்கிரி அண்ணனிடம் அதைச் சொன்னவள் நான். முருகையன் ஒவ்வொரு வார்த்தையையும் நான் சொன்னபடியே திருப்பிச் சொன்னார். பேசாமல் எழுந்து வந்திருக்கலாம். அவருக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. ஆனால் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டு வாருங்கள் என்றுதான் சீஃப் என்னை அனுப்பியிருந்தார். நான் சொல்ல வேண்டியதும் மிச்சம் இருந்தது.

"அது நாந்தாண்ணே."

தையல்நாயகியின் கை இட்லியோடு அப்படியே நின்றது. முருகையன் என் முகத்தைப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. நான் சொன்னதை நம்ப விரும்பாதவர் போல வெகுநேரம் பார்த்தார்.

"நீங்களுமா தங்கச்சி?" என்றார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.